குளத்து அட்டையின் பசி: நன்னீர் அட்டைகள் எதை, எப்படி உண்கின்றன?

விடாமல் பற்றிக்கொள்பவனை "அட்டை போல ஒட்டிக்கொண்டான்" என்கிறோம். பிறர் உழைப்பில் கொழுப்பவனை "அட்டையாய் உறிஞ்சுகிறான்" என்கிறோம். பேச்சுவழக்கில் அட்டை என்றாலே இரத்தம் குடிக்கும் உயிர்தான். ஆனால் ஒரு குளத்தின் கரையோரம் நீரில் கிடக்கும் கல்லைப் புரட்டி, அதன் அடிப்பக்கத்தில் சுருண்டு ஒட்டியிருக்கும் அட்டைகளை எடுத்துப் பார்த்தால், அவற்றுள் பல மனிதரையோ மாட்டையோ கடிக்கவே இயலாதவையாக இருக்கும். அவற்றில் சில நத்தையின் உடற்சாற்றை உறிஞ்சுபவை. சில புழுக்களை முழுதாக விழுங்குபவை. வேறு சில மீன் வரும் வரை நீர்த்தாவரத்தின் தண்டில் காத்திருப்பவை. இரத்தம் குடிப்பது அட்டைகளின் உணவுமுறைகளுள் ஒன்று மட்டுமே. அந்த ஒன்றையும்கூட, இரத்தத்தின் மீதுள்ள வெறி என்று கொள்வதைவிட, அரிதாகவே கிடைக்கும் உணவை நம்பி வாழும் ஓர் உயிரின் ஏற்பாடு என்று கொண்டால்தான் அதன் உடலும் நடத்தையும் நமக்குப் பிடிபடுகின்றன.

அட்டைகள் மண்புழுவின் உறவினர்களான வளையப்புழுக்கள். உலகில் இதுவரை ஏறத்தாழ 700 இனங்கள் அறியப்பட்டுள்ளன. அவற்றுள் பெரும்பான்மை நன்னீரில் வாழ்கின்றன, எஞ்சியவை கடலிலும் ஈரமான காடுகளின் தரையிலும் வாழ்கின்றன. உடலின் இரு முனைகளிலும் ஒட்டுறிஞ்சிகள் இருப்பது இவற்றின் பொது அடையாளம். பின்முனையில் இருப்பது பெரியது. கல்லையோ தண்டையோ இரையின் தோலையோ பற்றிக்கொள்ள உதவுவது. முன்முனையில் இருப்பது வாயைச் சூழ்ந்தது. இந்தப் பொது அமைப்புக்குள், வாயின் உள்ளே என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்தே ஓர் அட்டை எதை உண்ண முடியும் என்பது முடிவாகிறது. தாடை உள்ளவை, உறிஞ்சுகுழல் உள்ளவை, இவை இரண்டும் இல்லாமல் அகன்று விரியும் தொண்டையை மட்டும் கொண்டவை என மூன்று வகையாக இவற்றைப் பிரித்துப் பார்க்கலாம்.

பலரும் கவனிக்காத மூன்றாம் வகையிலிருந்து தொடங்குவது நல்லது. எர்போப்டெல்லா என்ற பேரினத்தைச் சேர்ந்த அட்டைகள் ஓடைகளிலும் குளங்களிலும் கற்களுக்கு அடியில் மிகுதியாகக் காணப்படுபவை. இவற்றிடம் தோலைக் கிழிக்கும் பல் இல்லை. துளையிடும் குழலும் இல்லை. உடலின் முன்பகுதியில் நெடுந்தொலைவு நீளும் தசை வலிமை மிக்க தொண்டை உள்ளது. இரவில் வெளியே வந்து, சேற்றில் வாழும் சிறு புழுக்களையும், கடிக்காத சிறு ஈக்களின் இளம்புழுக்களையும், பிற நீர்ப்பூச்சிகளின் இளம் பருவங்களையும் தேடிப் பிடித்து அப்படியே விழுங்குகின்றன. இவற்றை ஒட்டுண்ணி என்று அழைப்பது எந்த வகையிலும் பொருந்தாது, இவை வேட்டையாடிகள். கரிமக் கழிவு கலந்து உயிர்வளி குறைந்துபோன நீரில் சேற்றுப் புழுக்களும் ஈக்களின் இளம்புழுக்களும் பெருகும்போது, அவற்றைத் தின்னும் எர்போப்டெல்லாவும் அதன் கூட்டத்தாரும் அங்கே பெருகுவதுண்டு. அதனால்தான் நீர்நிலைகளின் தரத்தை உயிரினங்களைக் கொண்டு மதிப்பிடும் ஆய்வாளர்கள் அட்டைகளையும் எண்ணிப் பதிவு செய்கிறார்கள்.

பெயரால் பழி சுமந்த அட்டை ஒன்றையும் இங்கே குறிப்பிட வேண்டும். ஐரோப்பிய நீர்நிலைகளில் வாழும் ஹீமோபிஸ் சாங்குவிசுகா என்ற பெரிய அட்டைக்குக் 'குதிரை அட்டை' என்பது வழக்குப் பெயர். அதன் அறிவியல் பெயரின் பின்பாதிக்கோ 'இரத்தம் உறிஞ்சுவது' என்று பொருள். 1758-இல் ஸ்வீடன் நாட்டு இயற்கையியலாளர் லின்னேயஸ் வைத்த பெயர் அது. உண்மையில் அதன் பற்கள் மழுங்கியவை. குதிரையின் தோலை அவற்றால் ஊடுருவ முடியாது. மண்புழுக்கள், நத்தைகள், பூச்சிகளின் இளம்புழுக்கள், தலைப்பிரட்டைகள் ஆகியவையே அதன் உணவு. மண்புழுவைத் தேடி நீரைவிட்டு ஈரமான கரைமண்ணுக்கு ஏறி வருவதும் அதன் வழக்கம்.

உறிஞ்சுகுழல் உள்ள அட்டைகளின் கதை இதைவிடப் பலதரப்பட்டது. இவற்றின் வாய்க்குள் ஊசிபோன்ற மெல்லிய தசைக்குழல் ஒன்று உள்ளிழுக்கப்பட்டிருக்கும். இரையைத் தொட்டவுடன் அதை வெளியே நீட்டி, மென்மையான திசுவுக்குள் செலுத்தி, உள்ளிருக்கும் நீர்மத்தை உறிஞ்சுகின்றன. குளங்களில் மிகப் பரவலாகக் கிடைக்கும் இரு சிறிய இனங்களான கிளாசிஃபோனியா கம்பிளனாட்டாவும் ஹெலோப்டெல்லா ஸ்டாக்னாலிஸும் முதுகெலும்பற்ற உயிர்களையே உண்பவை. ஒரே கல்லின் அடியில் இரண்டையும் சேர்த்துக் காணலாம். அப்படியானால் உணவுக்காக அவை ஒன்றையொன்று நெருக்கித் தள்ளிவிடாதா என்ற கேள்வி எழுகிறது. பிரிட்டனின் ஏரிகளில் பிடித்த அட்டைகளின் குடலில் இருந்ததை, ஒவ்வோர் இரைக்கும் தனித்தனியே உருவாக்கிய, அந்த இரையின் புரதத்தை மட்டும் இனங்காணும் எதிர்ப்பொருள் நீர்மத்தால் சோதித்து ஆய்வாளர்கள் விடை கண்டனர். புழுக்களையும் ஈக்களின் இளம்புழுக்களையும் இரண்டும் பகிர்ந்துகொண்டன. ஆயினும் முதலாவது நத்தைகளை மிகுதியாக நாடியது, இரண்டாவதோ நீரில் வாழும் மரப்பேன் போன்ற கணுக்காலிகளை நாடியது. பொதுவான உணவு குறையும் காலத்தில் ஒவ்வொன்றும் தனக்கே உரிய இரையில் ஒதுங்கிக்கொள்வதால், இரண்டுக்கும் ஒரே குளத்தில் இடம் இருக்கிறது.

இவ்விரு இனங்களும் சேர்ந்த குடும்பத்து அட்டைகளிடம் மற்றொரு வியப்பும் உண்டு. பெற்றோர் அட்டை முட்டைகளைத் தன் வயிற்றுக்கடியில் வைத்துக் காக்கிறது; பொரித்த குஞ்சுகள் அதன் அடிப்பக்கத்திலேயே ஒட்டிக்கொண்டு சில வாரங்கள் பயணம் செய்கின்றன. ஹெலோப்டெல்லா பேரினத்தில் பெற்றோர் இரையைப் பிடித்து வந்து குஞ்சுகளுக்குக் கொடுப்பதும் பதிவாகியுள்ளது. முதுகெலும்புள்ள விலங்குகளின் இரத்தத்தை உண்ணும் உறவினங்களில், பெற்றோர் தன் குஞ்சுகளைச் சுமந்தபடியே இரைவிலங்கின் மீது ஏறி, அவற்றின் முதல் உணவு வரை கொண்டு சேர்த்துவிடுகிறது. புழு என்று நாம் ஒதுக்கும் உயிரிடம் குட்டிக்கு ஊட்டும் பழக்கம் இருப்பதை, அட்டைகளைப் பற்றிய செய்திகளிலேயே மிக அழகானதாக நான் கருதுகிறேன்.

உறிஞ்சுகுழலால் இரத்தம் குடிப்பவை பெரும்பாலும் குறிப்பிட்ட வகை விலங்கைச் சார்ந்தே வாழ்கின்றன. பிளாகோப்டெல்லா பேரினத்தின் பல இனங்கள் ஆமைகளின் கால் மடிப்புகளிலும் ஓட்டின் விளிம்புகளிலும் ஒட்டிக்கொள்பவை. தெரோமைசான் அட்டைகள் வாத்து முதலிய நீர்ப்பறவைகளின் நாசித்துளை வழியாக உள்ளே சென்று, மூக்கின் உட்சவ்விலிருந்து இரத்தம் உறிஞ்சுகின்றன. பறவை குளம் மாறும்போது அவையும் குளம் மாறுகின்றன. பிஸிகோலா ஜியோமெட்ரா என்ற மீன் அட்டை, பின் ஒட்டுறிஞ்சியால் நீர்த்தாவரத்தைப் பற்றிக்கொண்டு, ஒல்லியான உடலைக் குச்சிபோல் நீருக்குள் நீட்டிக் காத்திருக்கும். மீனின் நிழல் விழுந்தாலோ அது கிளப்பும் நீரசைவு எட்டினாலோ உடலை வளைத்து வீசி மீனின் செதில்மேல் தொற்றிக்கொள்ளும். உயிர்வளி மிகுந்த நீர் இதற்குத் தேவை என்பதால் ஓடும் ஆறுகளிலும் தெளிந்த ஏரிகளிலும் இதைக் காணலாம். மீன் வளர்ப்புக் குளங்களில் இது பெருகினால் மீன்கள் இரத்தம் இழந்து மெலிவது மட்டுமன்றி, கெண்டை வகை மீன்களைத் தாக்கும் ஒருவகை நச்சுயிரி நோயும் இதன் வழியே பரவக்கூடும். உறிஞ்சுகுழல் அட்டைகளுள் மிகப் பெரியது தென் அமெரிக்காவின் ஹேமென்டேரியா கிலியானி. முழுதாக நீண்டால் 45 சென்டிமீட்டர் வரை வரும் இந்த அட்டையின் குழலே ஏறத்தாழ 10 சென்டிமீட்டர் நீளம் கொண்டது.

இனி, எல்லோர் மனத்திலும் அட்டை என்ற சொல் எழுப்பும் அந்த உருவத்துக்கு வருவோம். தாடையுள்ள இரத்த அட்டைகளுள் மிக ஆழமாக ஆராயப்பட்டவை ஹிருடோ மெடிசினாலிஸ் என்ற மருத்துவ அட்டையும் அதன் நெருங்கிய உறவினமான ஹிருடோ வெர்பானாவும் ஆகும். வெகுகாலம் முதல் பெயரில் விற்கப்பட்டும் ஆராயப்பட்டும் வந்த அட்டைகளுள் பெரும்பாலானவை உண்மையில் இரண்டாம் இனத்தைச் சேர்ந்தவை என்பது 2007-இல்தான் மரபணு ஆய்வால் தெரியவந்தது. இவை தேங்கிய, வெதுவெதுப்பான, ஆழமற்ற நீரை விரும்புபவை.

பசித்த அட்டை நீரின் மேற்பரப்பை ஒட்டிக் கரையோரத்தில் தங்குகிறது. விலங்கு ஒன்று நீரில் இறங்கினால் எழும் அலைகளை உடற்பரப்பில் உள்ள நுண்ணிய உணர்வுப் புள்ளிகள் உணர்கின்றன. தலையில் உள்ள ஐந்து இணை எளிய கண்கள் ஒளியும் நிழலும் மாறுவதை அறிகின்றன. இந்த இரு குறிப்புகளையும் சேர்த்துக்கொண்டு அட்டை அலையின் மூலத்தை நோக்கி மேலும் கீழுமாக நெளிந்து நீந்தி வருகிறது. விலங்கைத் தொட்டபின் வேறு குறிப்புகள் பொறுப்பேற்கின்றன. முன் உதட்டால் தோலைத் தடவிப் பார்க்கும் அட்டை வெப்பத்தையும் சுவையையும் சோதிக்கிறது. 35 முதல் 40 டிகிரி செல்சியஸ் வரையிலான வெப்பமுள்ள பரப்பையே அது மிகுதியாகக் கடிக்கிறது. இது பாலூட்டிகளின் உடல் வெப்பத்துக்கு ஒத்துப்போகிறது. சோதனைச்சாலையில், உப்பும் ஆர்ஜினின் என்ற அமினோ அமிலமும் கலந்த கரைசலைச் சவ்வு ஒன்றின் பின்னால் வைத்தால், அதில் ஒரு துளி இரத்தமும் இல்லாதபோதும், அட்டை அதை வயிறு நிறையக் குடித்துவிடும். அட்டைக்கு இரத்தம் என்பது வெப்பம், உப்பு, ஓர் அமினோ அமிலம் என்ற இச்சில அடையாளங்களின் தொகுப்பு மட்டுமே.

கடிக்கும் கருவி மூன்று தாடைகள். அரைவட்ட அரம் போன்ற ஒவ்வொரு தாடையின் விளிம்பிலும் ஏறத்தாழ நூறு நுண்பற்கள் வரிசையாக உள்ளன. மூன்றும் முன்னும் பின்னும் அசைந்து தோலை அறுப்பதால், மூன்று கோடுகள் ஒரு புள்ளியில் கூடும் வடு ஏற்படுகிறது. பற்களுக்கு இடையே திறக்கும் நுண்குழாய்கள் வழியாக உமிழ்நீர் காயத்துக்குள் இறங்குகிறது. இந்த உமிழ்நீரைப் பற்றித்தான் மருத்துவ உலகம் நூற்றாண்டுக்கும் மேலாக ஆராய்ந்து வருகிறது. அட்டையின் வாய்ப்பகுதியிலிருந்து எடுத்த சாறு இரத்தத்தை உறையவிடுவதில்லை என்று 1884-இல் ஜான் பெர்ரி ஹேக்ராஃப்ட் கண்டறிந்தார். அந்தப் பொருளுக்குப் பின்னர் ஹிருடின் என்று பெயரிடப்பட்டது. 1950-களில் ஃபிரிட்ஸ் மார்க்வார்ட் அதைத் தூய நிலையில் பிரித்தெடுத்தார். 65 அமினோ அமிலங்களால் ஆன இந்தச் சிறு புரதம், இரத்த உறைவின் மையக் கண்ணியான த்ராம்பின் நொதியை இறுகப் பற்றி முடக்கிவிடுகிறது. இதனுடன், தட்டணுக்கள் காயத்தில் ஒட்டுவதைத் தடுப்பது, திசுக்களின் இடைப்பொருளைக் கரைத்து உமிழ்நீர் பரவ வழிசெய்வது, குருதிக்குழாய்களை விரிப்பது எனப் பல பொருள்கள் சேர்ந்து வேலை செய்கின்றன. அட்டை விழுந்தபின்னும் காயத்திலிருந்து மணிக்கணக்கில் இரத்தம் கசிவது இவற்றால்தான். அட்டையின் நோக்கில் இவற்றின் பயன் இன்னும் நெடியது; குடித்த இரத்தம் தன் வயிற்றுக்குள்ளும் கட்டியாகாமல் மாதக்கணக்கில் நீர்மமாகவே இருக்க வேண்டும் அல்லவா?

ஒரு வேளை உணவு 20 முதல் 40 நிமிடங்கள் வரை நீள்கிறது; வளர்ந்த அட்டை 5 முதல் 15 மில்லிலிட்டர் வரை இரத்தம் எடுக்கிறது. இது அதன் சொந்த எடையைப்போலப் பல மடங்கு. அந்த நேரத்தில் அதற்கு வேறெதுவும் புலப்படுவதில்லை என்றே சொல்லலாம். மற்ற வேளைகளில் உடலைத் தொட்டால் சுருங்கியோ நீந்தியோ விலகிவிடும் அட்டை, உண்ணும்போது அதே தொடுகைக்கு அசைவதில்லை. தொடுவுணர்வு நரம்புகளிலிருந்து வரும் செய்தி, உண்ணும் நேரத்தில் நரம்பு மண்டலத்தின் வாயிலிலேயே தணிக்கப்படுவதாக ஆய்வுகள் காட்டியுள்ளன. இதில் பங்குபெறும் செரட்டோனின் என்ற நரம்பு வேதிப்பொருளே நீந்தித் தேடுவதையும் கடிப்பதையும் தூண்டுகிறது. பசித்த அட்டையின் நரம்பு மண்டலத்தில் அது மிகுதியாகவும், உண்டு முடித்த அட்டையில் குறைவாகவும் இருக்கிறது. உண்பதை நிறுத்துவது சுவையன்று, உடற்சுவர் விரிந்து இழுபடும் உணர்வு. அந்த விரிவு ஏற்படாதவாறு, குடித்தது உடலைவிட்டு வடிந்துபோகச் செய்த சோதனைகளில் அட்டை நிறுத்தாமல் குடித்துக்கொண்டே இருந்தது.

நிறைந்த அட்டை முற்றிலும் வேறோர் உயிராகிவிடுகிறது. அது கடிப்பதில்லை, அலைகளை நாடுவதில்லை, ஒளியையும் மேற்பரப்பையும் விட்டு விலகி, கல்லடியிலும் மட்கிய இலைகளின் நடுவிலும் ஒடுங்கிவிடுகிறது. "அட்டையை எடுத்து மெத்தையில் வைத்தாலும் அது செத்தையைத்தான் நாடும்" என்ற பழமொழியை இழிகுணத்துக்கு எடுத்துக்காட்டாகச் சொல்வது வழக்கம். உயிரியல் நோக்கில் பார்த்தால், உண்ட உணவைச் செரிக்கும் வரை தன்னைப் பிறர் உண்ணாமல் காத்துக்கொள்ள அட்டைக்கு அந்தச் செத்தையை விட்டால் வேறு புகலிடம் இல்லை. உடல் பருத்து மந்தமான அட்டை, மீன்களுக்கும் பறவைகளுக்கும் எளிதான இரை.

குடித்த இரத்தம் உடலின் பெரும்பகுதியை நிறைக்கும் தீனிப்பையில் சேர்கிறது. அதன் இருபுறமும் வரிசையாகப் பக்கப்பைகள் உள்ளன. கடைசி இணை உடலின் பின்முனை வரை நீள்கிறது. முதல் வேலை நீரைக் களைவது. இரத்தத்தின் நீரும் உப்பும் கழிவுக்குழல்கள் வழியாக விரைவில் வெளியேற்றப்பட, கெட்டியான அணுக்கள் மட்டும் எஞ்சுகின்றன. அதன்பின் எல்லாமே மிக மெதுவாக நடக்கிறது. நம் வயிற்றில் புரதச் சங்கிலியை நடுவில் வெட்டித் துண்டாக்கும் நொதிகள் உண்டு. இரத்த அட்டையின் குடலிலோ சங்கிலியை முனையிலிருந்து ஒவ்வொரு கண்ணியாகக் கழற்றும் நொதிகளே முதன்மையானவை. ஆகவே ஒரு முறை நிறைத்த வயிறு பல மாதங்களுக்குப் போதுமானதாகிறது. ஓராண்டுக்கும் மேலாக உணவின்றி உயிரோடிருந்த மருத்துவ அட்டைகள் உண்டு. தீனிப்பையில் ஏரோமோனாஸ் உள்ளிட்ட ஓரிரு வகை பாக்டீரியாக்கள் நிலையாகக் குடியிருக்கின்றன. இரத்தத்தில் போதிய அளவு கிடைக்காத பி வகை உயிர்ச்சத்துகளை இவை அட்டைக்குத் தருவதாகக் கருதப்படுகிறது. அதே பாக்டீரியா மனிதரின் காயத்துக்குள் புகுந்தால் தொற்று உண்டாக்கும் என்பதால், ஒட்டியிருக்கும் அட்டையின்மீது உப்பையோ நெருப்பையோ வைப்பது தவறான வழி. எரிச்சலில் அது வயிற்றிலிருப்பதைக் காயத்துக்குள் கக்கிவிடக்கூடும். வாய்ப்புறத்து ஒட்டுறிஞ்சியின் அடியில் விரல் நகத்தைச் செலுத்தி மெல்ல நெம்பி எடுப்பதே பாதுகாப்பானது.

செரிமானம் இவ்வளவு மெதுவாக நடப்பதால் அட்டையின் வயிறு ஓர் ஆவணமாகவும் பயன்படுகிறது. ஆட்டு இரத்தம் கொடுத்த மருத்துவ அட்டைகளில் நான்கு மாதங்களுக்குப் பின்னும் ஆட்டின் மரபணுத் துணுக்குகள் கிடைத்ததாக 2012-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. அன்று முதல், கண்ணில் படாத காட்டு விலங்குகள் ஓரிடத்தில் வாழ்கின்றனவா என்பதை, அங்கே பிடித்த அட்டைகளின் வயிற்றைக் கொண்டு அறியும் முறை பல நாடுகளில் வளர்ந்துள்ளது.

தாடை அட்டைகள் எல்லாமே தோலைக் கடிப்பவை அல்ல. வட ஆப்பிரிக்கா, மேற்காசியா பகுதிகளின் லிம்னாடிஸ் நிலோடிகாவும், ஆசியாவின் டைனோப்டெல்லா ஃபெராக்ஸும் விலங்கு நீர் அருந்தும்போது வாய்க்குள்ளோ நாசிக்குள்ளோ நுழைந்து, அங்குள்ள மெல்லிய சவ்வைக் கடித்து நாள்கணக்கிலும் வாரக்கணக்கிலும் தங்கிவிடுகின்றன. மருத்துவ அட்டை ஒரு முறை நிறைந்து விழுந்துவிடுவது. இவை உள்ளேயே குடியிருந்து வளர்பவை. ஓடையிலும் ஊற்றிலும் வடிகட்டாத நீரை வாய்வைத்துக் குடிப்பது ஆபத்தானது என்பதற்கு இது ஒரு காரணம்.

அட்டைகள் முதலில் இரத்தம் குடிப்பவையாக இருந்து பின்னர் சில வேட்டைக்குத் திரும்பினவா, அல்லது வேட்டையே பழையதா என்பது இன்றும் விவாதத்துக்குரியது. நத்தைகளை உண்ணும் விட்மேனியா பிக்ரா போன்ற அட்டைகளின் உடலில் இரத்த உறைவைத் தடுக்கும் புரதங்களுக்கான மரபணுக்கள் இருப்பது முதல் கருத்துக்கு வலுச் சேர்க்கிறது. முன்னோர் இரத்தம் குடித்திராவிட்டால் அவை எதற்கு? ஆனால் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் கிடைத்து, 2025-இல் விவரிக்கப்பட்ட 43 கோடி ஆண்டுகளுக்கும் முற்பட்ட ஒரு தொல்லுயிர்ப் பதிவில், பின் ஒட்டுறிஞ்சி தெளிவாக உள்ளது, முன் ஒட்டுறிஞ்சி காணப்படவில்லை. தோலைத் துளைக்கும் வாயமைப்பு தொடக்கத்தில் இல்லை என்பதற்கான சான்றாக அதை ஆய்வாளர்கள் கொள்கின்றனர். இரு சான்றுகளும் ஒன்றையொன்று மறுத்தே ஆக வேண்டியதில்லை என்பது என் எண்ணம். மிகத் தொன்மையான அட்டைகள் சிறு உயிர்களை உண்டிருக்கலாம். இடையில் தோன்றிய ஒரு கிளை இரத்தத்துக்கு மாறி, அதிலிருந்து சில வழிவந்தவை மீண்டும் வேட்டைக்குத் திரும்பியிருக்கலாம்.

உணவுமுறை ஓர் உயிரின் இருப்பையே எப்படி முடிவு செய்கிறது என்பதற்கு மருத்துவ அட்டையின் வரலாறே சான்று. அதன் குஞ்சுகளின் சிறு தாடைகளால் பாலூட்டியின் தடித்த தோலை அறுக்க இயலாது. தவளைகளும் அவற்றின் தலைப்பிரட்டைகளும்தான் முதற்சில உணவுகளைத் தருகின்றன. வளர்ந்தபின்னரே கால்நடைகளின் இரத்தம் எட்டுகிறது. ஆகவே தவளைகள் நிறைந்ததும், கால்நடைகள் இறங்கி நீர் குடிப்பதுமான ஆழமற்ற குளம் அதற்கு வேண்டும். 19-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பிய மருத்துவர்கள் எல்லா நோய்க்கும் அட்டை விட்டதால், 1833-இல் மட்டும் பிரான்ஸ் நாடு 4 கோடிக்கும் மேற்பட்ட அட்டைகளை இறக்குமதி செய்தது. அட்டை வளர்த்த சதுப்புகளில், அவற்றுக்கு உணவாக வயதான குதிரைகளை இறக்கிவிட்ட கொடுமையும் நடந்தது. வேட்டை ஓய்ந்தபின்னும் எண்ணிக்கை மீளவில்லை. சதுப்புகள் வடிக்கப்பட்டன, குட்டைகள் தூர்க்கப்பட்டன, தவளைகள் குறைந்தன, கால்நடைகள் தொட்டியில் நீர் குடிக்கத் தொடங்கின. பிரிட்டனில் அந்த அட்டை அழிந்துவிட்டதாகவே ஒரு காலத்தில் கருதப்பட்டு, பின்னர் சில குளங்களில் மட்டும் மீண்டும் கண்டறியப்பட்டது. 1987 முதல் அதன் பன்னாட்டு வணிகம் கட்டுப்படுத்தப்பட்டுள்ளது. ஆயினும் ஒரு குளத்தில் அது நிலைக்க வேண்டுமானால், பிடிப்பதைத் தடுத்தால் மட்டும் போதாது. குஞ்சுக்குத் தவளையும், வளர்ந்ததற்கு வெப்பக்குருதி விலங்கும் அதே கரைக்கு வந்துபோக வேண்டும்.